சர்வே மென்பொருளுக்குக் கட்டிய 40,120 ரூபாய் போச்சு. டிரையலைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

ஆன்லைன் சர்வே மென்பொருள் வாங்கலாம் என்று இருக்கும் ஆராய்ச்சி மாணவர்களே, தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்களே, இதைப் படித்துவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள். 34,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 40,120 ரூபாய். ஒரு வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். எந்த வசதிக்காக வாங்கினேனோ அது இல்லை. பணமும் திரும்பக் கிடைக்காதாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களின் உடல்நலம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். டீ டைமில் பாதி, ராத்திரி விடுதிக்குப் போய் மீதி என்றுதான் அவர்களால் பதில் சொல்ல முடியும். ஒரே போனை இரண்டு மூன்று பேர் வைத்துக்கொள்வார்கள். மாதவிடாய், கருச்சிதைவு, மேற்பார்வையாளரின் நடத்தை என்று கேட்கிற இடத்தில் பதில் சொல்லாமல் தாண்டிப் போகவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். எங்கள் கல்லூரி நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததே அந்த நிபந்தனையோடுதான்.

அதனால் எனக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது, பதில் சொல்பவர் திரையில் என்ன பார்க்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் செட்டிங்ஸ்தான். பின்னால் போகும் பட்டன், பாதியில் விட்டுவிட்டுப் பிறகு தொடரும் வசதி, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு, பட்டன்களும் பிழைச் செய்திகளும் தமிழில் வருவது, ஒரே போனில் பலர் பதில் சொல்ல அனுமதி, கட்டாயக் கேள்வியை 'விடுபட்டிருக்கிறது, தொடரலாமா' என்று மட்டும் கேட்கிற மாதிரி தளர்த்துவது. எல்லாவற்றையும் தமிழில் டைப் செய்து விற்பனைப் பிரிவில் பேசியவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அவர் தமிழ்க்காரர். வீடியோ காலில் வந்து தன் திரையைக் காட்டி ஒவ்வொன்றாக ஆன் செய்தார். "இதெல்லாம் பிளான்லயே வந்துடும் மேடம், கவலையே படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். அந்தக் குரலை நம்பினேன். 14 நாள் டிரையலும் கொடுத்தார்கள். கேள்விகளை அதில்தான் ஏற்றினேன். என் போனில் பாதியில் மூடிவிட்டு மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே நின்றது. 'அடுத்து', 'முந்தைய' என்று பட்டன்கள் தமிழில் இருந்தன. இதற்கு மேல் ஒருத்தர் என்னதான் சோதித்துப் பார்ப்பது? டிரையல் முடிகிற அன்று 40,120 ரூபாயைக் கட்டினேன். லிங்க்கை விடுதி வார்டன்கள் மூலம் அனுப்பினேன்.

ஓவர்லாக் மிஷினில் இருக்கும் ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பினார். "கண்ணு, செவப்பு எழுத்துல என்னமோ இங்கிலீசுல வருதுங், எத அமுக்குனாலும் அடுத்ததுக்குப் போக மாட்டேங்குது. நான் ஏதாச்சும் கெடுத்துப்போட்டனா?" அக்கவுன்ட்டைத் திறந்து பார்த்தால் நான் போட்டிருந்த செட்டிங்ஸ் எல்லாம் சாம்பல் நிறத்தில், பக்கத்தில் குட்டிப் பூட்டுப் படத்தோடு இருக்கின்றன. டிரையல் என்று காட்டியது அவர்களின் மிக உயர்ந்த பிளானை. பணம் கட்டியதும் என்னைக் கீழே இருக்கும் பிளானுக்கு மாற்றி, ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் அணைத்திருக்கிறார்கள். பின்னால் போகும் பட்டன் காணோம். எல்லாக் கேள்வியும் கட்டாயமாகிவிட்டது. ஒரு போனில் ஒருத்தர் முடித்ததும் அந்த பிரவுசரில் குக்கி, அதாவது வந்து போனதற்கான ஒரு சின்ன அடையாளக் குறிப்பு, பதிந்துவிடுகிறது. அதே போனை வாங்கி அடுத்த பெண் திறந்தால், ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. கருச்சிதைவு பற்றிய கேள்வியில் பதில் சொல்லாமல் நகர முடியாது என்று ஒரு பெண்ணை மறித்து நிறுத்தியிருக்கிறது. எனக்குப் பணத்தை விட இதுதான் ஆத்திரம்.

அந்த விற்பனைக்காரருக்கு மெசேஜ் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. போன் செய்தால் "நான் இப்ப வேற டீம் மேடம், சப்போர்ட்ல டிக்கெட் போடுங்க" என்று வைத்துவிட்டார். சப்போர்ட்டில் முதலில் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட், பிறகு ஆள் மாறி ஆள். எல்லோரிடமிருந்தும் ஒரே மெயில்: தாங்கள் கேட்கும் வசதிகள் மேல் பிளானில் உள்ளன, மேம்படுத்திக்கொள்ளலாம். வீடியோ காலில் சொன்னது என்ன ஆச்சு என்று கேட்டால், வாய்மொழி உறுதி ஒப்பந்தத்தில் சேராதாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 14 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். அந்த 14 நாளை அவர்கள் எண்ணுவது பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை, டிரையல் அக்கவுன்ட் திறந்த நாளிலிருந்து! அதாவது நான் 40,120 ரூபாய் கட்டும்போதே கெடு முடிந்துவிட்டது. வந்த பதில்களையாவது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளுக்கான கோப்பாக இறக்கலாம் என்றால் அதற்கும் பூட்டு.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். டிரையல் எந்தப் பிளானில் ஓடுகிறது என்று மெயிலில் எழுதி வாங்குங்கள், வாட்ஸப்பும் வாய்ப்பேச்சும் போதாது. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், வருடக் கணக்கே வேண்டாம். பணம் கட்டிய பிறகு புது போனில் லிங்க்கைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். டிரையலில் இருக்கும்போதே செட்டிங்ஸ் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இன்று என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். கல்லூரி சர்வரில் இடம் கிடைத்தால் லைம்சர்வே போட்டுக்கொள்ளுங்கள். அது திறமூல மென்பொருள், பின்னால் போவது, சேமித்துத் தொடர்வது, முன்னேற்றக் கோடு எல்லாம் காசில்லாமல் அதில் இருக்கின்றன.

ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறார்கள். சொந்தப் படிப்புக்கு வாங்கியதால் நான் நுகர்வோர்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன், பேங்கிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி டிரையல் காட்டி ஏமாற்றப்பட்டவர்கள் இருந்தால், மெயில், ரசீது எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.