சிரப்பா, டிரிப்ஸா, ஊசியா, ரத்தமா?

மாற்றிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியாட்டினினும் ரத்தத்தில் இறங்கிவிட்டது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அந்த வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

கை முதலில் போவது இரும்புச்சத்து சிரப்புக்கு. விலை குறைவு, ஊசி வலி இல்லை. ஆனால் வயிற்றைக் கட்டும், பல்லில் கறை படியும். அசிடிட்டிக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடித்த இரும்பு பெரும்பாலும் வீணாகும். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு, அழற்சியும் இல்லை என்றால் சிரப்பை இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாம்.

கேட்காவிட்டால் இரும்பை ரத்தக்குழாய் வழியே ஏற்றும் டிரிப்ஸ். இதிலும் இரண்டு உண்டு. அயர்ன் சுக்ரோஸுக்குப் பல தடவை மருத்துவமனைக்கு அலைய வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஓரிரு தடவையில் முடிந்துவிடும். ஆனால் ரத்தத்தில் பாஸ்பேட்டை இறக்கிவிடக்கூடியது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் பாஸ்பேட் ஏற்கெனவே சிறுநீரில் கழிந்துகொண்டிருக்கும். வளரும் எலும்புக்கு அது நல்லதல்ல. அலைச்சல் ஆனாலும் என் ஓட்டு சுக்ரோஸுக்கே. காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போது இரண்டுமே வேண்டாம்.

மூன்றாவது எரித்ரோபொயட்டின் ஊசி. சிவப்பணு உருவாகத் தூண்டும் இந்த ஹார்மோனைச் சுரப்பதே சிறுநீரகம்தான். புதியது நன்றாக இயங்கினால் அதுவே சுரந்துகொள்ளும். அது தளரும்போதுதான் இந்த ஊசிக்கு முழு அர்த்தம். இரும்பு இருப்பில்லாமல் போட்டால் காசுதான் கரையும். ரத்த அழுத்தம் ஏறலாம்; ஏறினால் அடி விழுவது அதே சிறுநீரகத்துக்கு.

வேகத்தில் ரத்தம் ஏற்றுவதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் பிள்ளைக்கு வைத்த சிறுநீரகம் ஆயுள் முழுக்க வருவது அரிது. பின்னால் இன்னொன்று தேவைப்படலாம். ஏற்றிய ரத்தத்தால் பிறர் உறுப்பைத் தாக்கும் எச்.எல்.ஏ எதிர்ப்பான்கள் உருவானால், அன்றைக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது கஷ்டம். ஏற்றும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை நீக்கும் வடிகட்டி அந்த ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் போன்ற அவசரங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டிய வழி இது.

நான்கில் எது என்று முடிவு செய்யுமுன் மருந்துச் சீட்டைப் பார்க்க டாக்டரிடம் சொல்லுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் மைக்கோஃபெனோலேட், தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல், வைரஸைத் தடுக்கும் வால்கான்சிக்ளோவிர் மூன்றும் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அடக்கக்கூடியவை. இளம் சிவப்பணுவான ரெட்டிகுலோசைட் ஏறக்குறைய இல்லையென்றால், சிவப்பணு உற்பத்தியை நிறுத்தும் பார்வோவைரஸ் பி19-ஐத் தேட வேண்டும். அதற்கு இரும்பு மருந்தல்ல, எதிர்ப்பான்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலின்தான் தேவைப்படும். மைக்கோஃபெனோலேட்டை வீட்டிலேயே குறைத்துவிடாதீர்கள், உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிடும் ஆபத்து உண்டு. மற்ற இரண்டும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். அவை நின்றதும் ஹீமோகுளோபின் தானே ஏறிய பிள்ளைகளும் உண்டு.