33 சதவீதத்துக்காக ஒரு மதியம்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்ட அந்த வாரத்துக்குப் பின், தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் ஊருக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து வந்து சேர்ந்தேன். விமானம், பேருந்து எதிலும் குறையில்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு மதியத்தைப் பற்றித்தான்.

33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட வராது. மத்திய நிவாரண விதிகளில் இதற்கு இடுபொருள் மானியம், அதாவது விதை, உரம் போன்றவற்றுக்கான உதவி, என்றே பெயர். முழு இழப்பீடு அல்ல. 32 சதவீதம் என்று எழுதிவிட்டால் அதுவும் கிடையாது.

கூட்டுக் கணக்கெடுப்புக்கு வந்த வேளாண் அலுவலர் வரப்பில் நின்றபடி வயலைப் பார்த்தார். நான்கு நாள் மூழ்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் நுனியில் மட்டும் பச்சை காட்டிய சம்பா அது. "மேலே பச்சையாத்தானேங்க இருக்கு, முப்பது போடலாம்" என்றார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடுவயல் வரை போய், ஒரு குத்தைப் பிடுங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். வேர் கறுத்து வழுவழுத்திருந்தது, சாக்கடை நாற்றம். தண்டை நகத்தால் கீறிப் பிரித்தபோது, பொதிக்குள் இருந்த இளங்கதிர் வெந்த நூல் போலப் பழுப்பாகக் கிடந்தது.

நான் எதிர்பார்த்தது ஒரு வாக்குவாதத்தை. அந்த இளைஞரோ செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே சேற்றில் இறங்கி, நான்கு மூலையிலும் குத்துகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து 60 என்று எழுதினார். அக்கம்பக்கத்து வயல்களையும் அதே போலப் பார்த்தாரா என்றால், இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது, பல வயல்களுக்கு வரப்புப் பார்வையே வாய்த்தது. முழு விளைச்சலைப் பதினாறணாவாக வைத்து, இந்த வயலுக்கு ஆறணா என்று ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் திண்ணையில் இருந்தபடியே எழுதிய காலத்தைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். திண்ணை வரப்பாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் எல்லாம் ஒழுங்கு என்று பெருமை பேசவும் வழியில்லை. 2024 ஜனவரியில் ஹெங்க் புயல் வெள்ளத்துக்குப் பின் இங்கிலாந்து அரசு பண்ணைகளுக்கு 500 முதல் 25,000 பவுண்டு வரை அறிவித்தது. ஆனால் குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கே தொகை என்று முதலில் விதி வைத்து, உழவர்கள் கொதித்த பிறகே அதைக் கைவிட்டது. வரைபடத்தில் கோடு கிழித்தவர் எவர் வயலிலும் இறங்கியிருக்க வேண்டியதில்லை. தொகையில் அவர்கள் எட்டாத உயரத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் சேறு படிந்த அந்தக் கால்களை நினைத்தால் எனக்கு நம்மூர் மேல்தான் சாய்வு வருகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பதால் அடங்கலோடு (பயிர்ப் பதிவேட்டு நகல்) வாரிசுச் சான்றையும் தூக்கிக்கொண்டு மூன்று முறை அலைந்த எரிச்சலில், அந்தச் சாய்வும் மறுநாளே நிமிர்ந்துவிட்டது.

மணல் கதை தனி. ஆற்றோர அரை ஏக்கரில் வெள்ளம் மணலை மேவிவிட்டுப் போயிருக்கிறது. மூன்று அங்குலத்துக்கு மேல் மேவியிருந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தர மத்திய பேரிடர் நிவாரண விதிகளில் இடமுண்டு என்று சித்தப்பாவிடம் சொன்னேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை எந்தத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறவில்லை. சித்தப்பா மட்டும் ஒரு மூங்கில் குச்சியில் மூன்று அங்குலத்துக்குக் கத்தியால் கோடு கீறி, அந்த மணலில் நட்டு வைத்திருக்கிறார். கோடு மணலுக்குள் புதைந்து கிடக்கிறது; அளக்க இன்னும் யாரும் வரவில்லை.