பணிவதா, வழக்காடுவதா?

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சில பெரிய சட்ட நிறுவனங்கள்மீது ஆணைகளை ஏவினார். அவற்றில் ஒன்றான பால் வைஸ் நிறுவனம் சமரசத்துக்குப் போனது. 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவசச் சட்டப்பணிக்கு ஒப்புக்கொண்டதும் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு எட்டு நிறுவனங்களும் இதே வழியில் அரசோடு உடன்பாடு செய்துகொண்டன.

ஆணைக்கு உள்ளான பெர்கின்ஸ் கூயி நிறுவனமோ நீதிமன்றம் சென்றது. அரசுக் கட்டடங்களில் நுழையக் கட்டுப்பாடு, அரசு ஒப்பந்தம் பெற்ற கட்சிக்காரர்கள் (வாடிக்கையாளர்கள்) இந்நிறுவனத்துடனான தொடர்பை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை என, பிழைப்பிலேயே கைவைத்த ஆணை அது. மே 2 அன்று நீதிபதி பெரில் ஹாவெல் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூறி நிரந்தரமாகத் தடுத்தார். ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரி ஆகியவையும் அவ்வாறே வென்றன. அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

கட்சிக்காரர்கள் விலகிவிடுவார்களோ என்ற பால் வைஸின் பயம் பொய்யல்ல. ஆனால் அரசை எதிர்த்து வழக்குப் போட வேண்டியிருந்தால், நான் பெர்கின்ஸ் வாசலில்தான் நிற்பேன்.