கேம்பர்வேனில் ஏறியதும் கைக்கு வந்த ஓலைப்பெட்டி

சென்ற ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மாவையும் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து குற்றாலத்துக்கு நான்கு நாள் பயணமாக ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தேன். கேரவன் என்றாலே படப்பிடிப்புக்குப் போகும் வண்டி என்றுதான் எங்கள் உறவினர் பலரும் நினைத்திருந்தார்கள். நாங்கள் எடுத்தது நான்கு பேர் படுக்கவும், இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கவும், சிறிய ஃபிரிட்ஜில் பால் வைக்கவும் இடமுள்ள, ஓட்டுநரோடு வரும் வண்டி. வண்டியைப் பற்றிச் சொல்லப் பல செய்திகள் இருந்தாலும், ஏறியவுடன் விருந்தினருக்குக் கொடுக்கப்படும் உணவுப் பெட்டியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். முதல் நாள் மதியச் சாப்பாடும், இரவுச் சாப்பாடும், மறுநாள் காலைக் காப்பியும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் வண்டியில் போனபோது, கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டிய கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். சிப்ஸ், குளிர்பானம், வெயிலில் இளகிப்போன கிரீம் கேக், மிக்சர், கடலை மிட்டாய் ஆகியவை அதில் இருந்தன. என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முன்பதிவின்போது இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டோம். மகன் பிரித்து வாயருகே கொண்டுபோன மிட்டாயை மனைவி பாய்ந்து பறித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அன்றிரவு அடுப்பு இருந்தும் அரிசியோ உப்போ இல்லாமல், இருட்டில் சாலையோரக் கடை தேடி அலைந்தோம்.

இம்முறை புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தொலைபேசி அழைப்பு வந்தது. வண்டி நிறுவனத்துக்காக இந்தப் பெட்டியைத் தயாரித்துக் கொடுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் பேசினார். எத்தனை பேர், வயது என்ன, சைவமா அசைவமா என்று கேட்டுவிட்டு, "யாருக்காச்சும் எதுவும் ஒத்துக்காம இருக்கா சார்?" என்றார். மகனைப் பற்றிச் சொன்னதும் சற்று யோசித்து, "எங்க மிக்சியில கடலைச் சட்னியும் அரைப்போம். தம்பிக்கு இட்லிப் பொடி புது ஜார்ல அரைச்சுடுறேன்" என்றார். ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

பெட்டி பனையோலையில் முடைந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பது ஒருபுறமிருக்க, ஓலையில் காற்றுப் புகுவதால் உள்ளே வைத்த பழம் வியர்த்து அழுகுவதில்லை. மேலே வாழையிலையில் பொதிந்த நான்கு தயிர்சாதப் பொட்டலங்கள். குழைய வடித்த சோற்றில் பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசைந்திருந்ததால், திருவில்லிபுத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பிரித்தபோது புளிப்பு ஏறாமல் அளவாக உறைந்திருந்தது. அதன் கீழே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், அரை கிலோ அரிசி, உப்பு, நல்லெண்ணெய், இட்லிப் பொடி, மோர் மிளகாய், எலுமிச்சை, நூறு கிராம் காப்பித்தூள் ஆகியவை இருந்தன. நாட்டு வாழைச்சீப்பில் பாதி பழமாகவும் பாதி காயாகவும் பார்த்து வைத்திருந்ததால், மூன்றாம் நாளும் எங்களுக்குப் பழம் கிடைத்தது. பால் பாக்கெட்டுகள் தனியே ஃபிரிட்ஜில் இருந்தன. வண்டியிலேயே ஃபில்டர் இருந்ததால், இரவே தூளைப் போட்டு டிகாக்‌ஷன் இறக்கிவைத்து, அம்மா விடியற்காலையில் ஐந்தருவிச் சாரலைப் பார்த்துக்கொண்டே சர்க்கரை இல்லாத காப்பி குடித்தார்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பக்கம் போகிற விருந்தினருக்கு அதை வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். எங்கள் பெட்டியில் அதற்குப் பதிலாகக் கருப்பட்டி சேர்த்து வீட்டிலேயே பிடித்த எள்ளுருண்டை இருந்தது. ஒவ்வொரு பொருளிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எதை எப்போதைக்குள் சாப்பிட வேண்டும் என்று தெளிவான கையெழுத்தில் எழுதிய தாளும் உடன் இருந்தது. பால்கோவாவைப் பெட்டியில் வைக்காமல், "திருவில்லிபுத்தூரில் அன்றைக்குக் கிண்டியதை வாங்கிக்கொள்ளவும்" என்று அந்தத் தாளிலேயே குறித்திருந்தார்கள். வழியில் புதிதாகக் கிடைக்கும் பண்டத்தை முந்தின நாளே வாங்கி அடைக்காமல் விடுவதும் இந்தத் தொழிலுக்கு வேண்டிய அறிவு என்றே நினைக்கிறேன்.

குறை ஒன்று நேர்ந்தது. தோசை மாவை எவர்சில்வர் தூக்கில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஃபிரிட்ஜில் அதற்கு இடம் போதாததால் சமையல் மேடைக்கு அடியில் வைத்திருந்தோம். ராஜபாளையத்தை நெருங்கும்போது 'டப்' என்று ஓசை கேட்டது. பார்த்தால் மூடி தெறித்து, மாவு பொங்கி விளிம்பு வழியே இறங்கி, இழுப்பறைகளின் இடுக்குகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா புடவையைச் செருகிக்கொண்டு துடைக்க உட்கார்ந்துவிட்டார். "மாவு மூச்சு விட இடம் வேணும்ப்பா, வெயில் நாள்ல பாதிக்கு மேல ஊத்தவே கூடாது" என்றார். மிஞ்சிய மாவில் இரவு இரும்புக் கல்லில் எட்டுத் தோசை வந்தது. புதிய ஜாரில் அரைத்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்து மகன் மட்டும் நான்கு சாப்பிட்டான்.

திரும்பி வந்த அன்று மாலையே அந்த அக்காவிடம் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டு, மாவு பொங்கியதையும் சொன்னேன். அவர் வருந்தி, ஃபிரிட்ஜின் அளவு என்ன, தூக்கு எங்கே இருந்தது, எத்தனை மணி நேரம் கழித்துப் பொங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை வண்டியை ஒப்படைக்கப் போனபோது, அடுத்துப் புறப்பட இருந்த குடும்பத்துக்கான பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் சற்றுப் பெரிய தூக்கு ஒன்று. அனுமதி கேட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். மாவுக்கும் மூடிக்கும் இடையே ஒரு சாண் இடம் விட்டிருந்தார்கள்.