சொல்லை இடம் மாற்றினால்: இத்தாலியனும் ஸ்லாவிய மொழிகளும்

ஸ்லாவிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ரஷ்யனில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம், இத்தாலியனில் முடியாது என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி.

ரஷ்யனில் 'மாஷா லியூபித் பாஷு' என்றால் மாஷா பாஷாவை நேசிக்கிறாள். 'பாஷு லியூபித் மாஷா' என்று திருப்பினாலும் நேசிப்பவள் மாஷாதான். பாஷா 'பாஷு' ஆனதுமே இரண்டாம் வேற்றுமை ஏறிவிட்டது. நம் 'ஐ' உருபு செய்யும் அதே வேலை. எழுவாய், வினை, செயப்படுபொருள் மூன்றையும் ஆறு விதமாக அடுக்கலாம். ஆறும் இலக்கணப்படி சரி, ஆனால் ஆறையும் ஒரே சூழலில் சொல்ல மாட்டார்கள். தெரிந்த விஷயம் முன்னால், புதுச் செய்தி கடைசியில் என்பதே வழக்கமான போக்கு.

இத்தாலியனில் 'மரியா ஆமா பாவோலோ' என்பதைத் திருப்பிப் போட்டால் சாதாரணமாக நேசிப்பவரே மாறிவிடுவார். இத்தாலியனின் மூலமான லத்தீனில் இருந்த பெயர்ச்சொல் வேற்றுமைகள் இத்தாலியனில் இல்லை. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 'இல் பானே லோ கோம்ப்ரா மரியா' என்றால் ரொட்டியை வாங்குவது மரியா. ரொட்டி முன்னால் வந்துவிட்டது. 'அதை' என்று பொருள்படும் 'லோ' வினைக்கு முன் நின்று அதைச் செயப்படுபொருளாகக் காட்டுகிறது. எழுவாயும் பின்னால் போகும். யார் வந்தது என்று கேட்டால் 'ஏ அர்ரிவாத்தோ ஜான்னி' என்பதே இயல்பான பதில். 'ஜான்னி ஏ அர்ரிவாத்தோ' அங்கே பொருந்தாது. இங்கேயும் புதுச் செய்தி கடைசியில்தான்!

சரி, ஸ்லாவிய மொழிகளில் எல்லாமே தாராளமா? ரஷ்யனிலேயே 'மாத் லியூபித் தோச்' என்ற வாக்கியத்தில் தாய்க்கும் மகளுக்கும் எழுவாய் வடிவமும் இரண்டாம் வேற்றுமை வடிவமும் ஒன்றே. அதனால் முதலில் வரும் தாயையே பொதுவாக எழுவாயாகக் கொள்வார்கள். செக் மொழியில் 'ஃப்செரா ஸெம் ஹோ விட்யெல்' என்றால் நேற்று அவனைப் பார்த்தேன். மற்றவற்றை நகர்த்தலாம், ஆனால் 'ஸெம் ஹோ' என்ற குட்டிச் சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தைவிட்டு அசையாது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது பல்கேரியன். அதுவும் ஸ்லாவிய மொழிதான், ஆனால் பெயர்ச்சொல் வேற்றுமைகளை ஏறக்குறைய முழுதாக இழந்துவிட்டது. 'இவான் கோ வித்யா மரியா' என்றால் இவானைப் பார்த்தது மரியா. 'அவனை' என்ற 'கோ' இங்கே இத்தாலிய 'லோ'வின் வேலையைச் செய்கிறது. மொழிக்குடும்பத்தை வைத்துப் பிரிப்பது இந்த விஷயத்தில் உதவாது. சொல் நகர்வில் பல்கேரியனை ரஷ்யனுக்குப் பக்கத்தில் வைப்பதைவிட இத்தாலியனுக்குப் பக்கத்தில் வைப்பேன்.