மிபெக்ஸ்: மதிப்பெண்ணை விடுங்கள், கேள்வித்தாளை எடுங்கள்

குடியேறி வந்தவர்களுக்கு ஒரு நாட்டின் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று மதிப்பெண் போடும் இலவச இணையத்தளம் மிபெக்ஸ். 2020 பதிப்பில் 56 நாடுகள், 8 துறைகள், ஒவ்வொரு துறையிலும் பல கேள்விகள். சுவீடனுக்கு 86, இந்தியாவுக்கு 24. இலங்கை பட்டியலிலேயே இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் எதுவும் கிடையாது. தோட்டத்துப் பெண்களின் வெளிநாட்டு வேலை பற்றி ஹட்டனிலோ பதுளையிலோ இருந்து அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அப்படியும் பிரயோசனம் உண்டு. ஆனால் அது முகப்பில் பெரிதாகத் தெரியும் எண்ணில் இல்லை.

பெரும்பாலான கேள்விகளுக்கு 0, 50, 100 என்று மூன்றே விடைகள். 8 துறைகளின் சராசரிதான் நாட்டின் மதிப்பெண். ஆகவே சுகாதாரத்தில் 8 புள்ளி ஏறினாலும் மொத்தத்தில் 1 புள்ளிதான் ஏறும். துறைக்குள் போய், கேள்வி வரை இறங்கிப் பார்க்காவிட்டால் எந்தச் சட்டம் மாறியது என்பது பிடிபடாது.

இந்த எண்ணை நலவாழ்வின் அளவாக எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மிபெக்ஸ் அளப்பது சட்டத்தை மட்டும். ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய 2018 உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பக்கத்தில் வைக்கலாம்: 117 நாடுகளில் குடியேறியவர்கள் தம் வாழ்க்கைக்கு 0 முதல் 10 வரை கொடுத்த புள்ளிகள் அதில் உள்ளன, பின்லாந்து முதலிடம். அங்கேயும் ஒரு ஓட்டை. அதற்குத் தரவு கொடுத்த கேலப் கணிப்பு, வளைகுடா நாடுகள் பலவற்றில் அரபு மொழியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லக்கூடியவர்களைத்தான் சேர்க்கிறது. தமிழ் மட்டும் தெரிந்து வீட்டு வேலைக்குப் போன நுவரெலியாப் பெண் அந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார். இந்தியாவின் 24-ஐயும் யோசித்தே பயன்படுத்த வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று நீலகிரிக்குப் போன நம் உறவினர்கள் சட்டத்தின் கண்ணில் குடியேறிகளே அல்லர்.

எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வி அமைக்கும் முறையை. உதாரணமாக: 'கையொப்பத்துக்கு முன் வேலை ஒப்பந்தம் தமிழில் கிடைக்கிறதா?' சட்டம் கட்டாயமாக்கினால் 100. கேட்டால் மட்டும் வாய்மொழி விளக்கம் என்றால் 50. இரண்டும் இல்லையென்றால் 0. ஒரு விடயத்துக்கு 12 முதல் 15 கேள்விகள் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே சட்டத்தின் அல்லது சுற்றுநிருபத்தின் இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அமைச்சில் முதல் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளியிட்டு, மாறுபடும் இடங்களை மூன்றாமவரிடம் கொடுங்கள். அதிகம் மாறுபட்டால் கோளாறு கேள்வியில்தான்: ஒரே வரியில் இரண்டு விடயம் கேட்டிருப்பீர்கள்.

மிபெக்ஸில் இல்லாத இன்னொரு நிரலும் சேருங்கள்: பிரதேச செயலகத்தில் நடப்பது என்ன? மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கிய 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்துக்கு இந்த முறையில் 100 கொடுக்கலாம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைகிறவருக்கு அந்த 100-ஆல் ஒன்றும் ஆகாது. அதனால் இரண்டு நிரலையும் கூட்டிச் சராசரி போடவே கூடாது. இடைவெளியைத்தான் காட்ட வேண்டும். கொள்கை வகுப்பவர் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் மலையக இளைஞரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தளத்தின் தரவில் நேரம் செலவழிக்க வேண்டாம். நாட்டின் எல்லை தாண்டாதவரை அது கணக்கில் எடுப்பதில்லை.