வேக்யூம் முறையில் கூலண்ட் நிரப்பியதாகப் பில் போட்டார்கள். உள்ளே இருந்தது போர்வெல் தண்ணீர்

கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கோடையில் ஊட்டி, வால்பாறை, திம்பம் என்று மலையேறத் திட்டமிட்டிருப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் நல்ல கூட்டம் வரும் ஒரு பட்டறையில், செய்யாத வேலைக்கு ரூ.1,200 கூலியும், ஊற்றாத கூலண்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரூ.1,350 விலையும் கொடுத்துவிட்டு, வயதான என் அம்மாவுடன் திம்பம் மலைப்பாதையின் நடுவில் நின்றவன் நான்.

என்னுடையது எட்டு ஆண்டுகள் ஓடிய டீசல் கார். கூலண்ட் டப்பாவில் அளவு மாதாமாதம் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்ததால் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய கூலண்ட் சத்திழந்துவிட்டது என்றும், முழுவதும் வடித்துவிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் வேக்யூம் மிஷினில் நிரப்பினால் உள்ளே காற்றே தங்காது என்றும் சொன்னார்கள். "மலைக்குத் தாராளமாப் போலாமுங்க சார்" என்ற உறுதிமொழியும் கிடைத்தது. அருகில் நின்று பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். 20 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் விட்ட வண்டி, நாற்பது நிமிடத்தில் தயாராகிவிட்டது. அந்த நாற்பது நிமிடமே என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளவாடியில் உறவினர் வீட்டுச் சீர். பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைத் தாண்டும்போது வெப்பமானியின் முள் சட்டென்று மேலே போனது. ஏசியை அணைத்துவிட்டு, எஞ்சின் சூட்டை வெளியே இழுப்பதற்காக ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். கொதிக்கும் எஞ்சினிலிருந்து வந்தது குளிர்ந்த காற்று. ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடவில்லை, காற்று அடைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கிணற்று மோட்டாரில் காற்றுப் பிடித்துக்கொண்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் மட்டும் ஏறாது அல்லவா, அதே கதைதான் இங்கேயும். ஓரமாக நிறுத்தி, மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால், வழியில் நின்று உதவ வந்தவர்களையும் தடுத்துவிட்டேன். பிறகு ரெக்கவரி வண்டியில் சத்தியமங்கலம் இறங்கினோம்.

அங்கே ஒரு சிறிய பட்டறையில் இருந்த மெக்கானிக், வண்டியை இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார். வெள்ளை வாளியில் அவர் வடித்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. ஆனால் சந்தன நிற மாவு போன்ற ஒன்று அடியில் படிந்திருந்தது. தண்ணீரில் எவ்வளவு கூலண்ட் கலந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி என் கையில் கொடுத்தார். நீலக் கோடு, வெறும் தண்ணீருக்குரிய அளவை ஒட்டியே நின்றது. "ஏனுங்ண்ணா, இதுல கூலண்டே இல்லீங்க. நெறத்துக்குக் கொஞ்சம் உட்டுட்டு, மிச்சம் பூராப் போர்த் தண்ணிய ஊத்தியிருக்காங்க" என்றார். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளை உப்பு எப்படி அடைக்கிறது என்பது தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அப்படித்தான் அடைக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினால் கொதிநிலை உயரும், துருவும் பிடிக்காது. அந்த இரண்டு பாதுகாப்பும் என் எஞ்சினுக்கு இல்லாமல் போயிருந்தன.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் நான் எதை இழந்தேன் என்பது முழுதாகப் புரிந்தது. வேக்யூம் கருவியின் ரப்பர் கூம்பை ரேடியேட்டர் வாயில் இறுக்கி, கம்ப்ரசர் காற்றை அதன் வழியாகப் பாய்ச்சினார். அந்தக் காற்று உள்ளிருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு வெளியேற, பருத்த ரப்பர் குழாய்கள் ஒட்டிய வயிறுபோல் தட்டையாயின. வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் அளவியின் முள் 25-க்குப் போனது. வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தார். நிலையாக நிற்க வேண்டிய முள், இரண்டு நிமிடத்துக்குள் 18-க்கு இறங்கியது. எங்கோ கசிவு. தேடியதில், கீழ்க்குழாயின் கிளாம்ப் தளர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிளாம்பை மாற்றிவிட்டு மறுபடி இழுத்தார், முள் அசையவில்லை. அதன்பிறகே கலந்து வைத்திருந்த கூலண்டில் குழாயை முக்கி வால்வைத் திறந்தார். ஒரு குமிழிகூட இல்லாமல் வாளி காலியாயிற்று. மாதாமாதம் அளவு இறங்கியதற்குக் காரணமான கசிவைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய சோதனைக்குத்தான் நான் கோவையில் ரூ.1,200 கொடுத்திருந்தேன். அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும் ஓட்டைகளும் உண்டு என்று சொல்லி, அவர் பிரஷர் டெஸ்ட்டும் செய்தார். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டும் தப்பியது.

நாற்பது நிமிடக் கணக்குக்கு வருகிறேன். அந்த அளவு வெற்றிடத்தில் தண்ணீர் ஏறத்தாழ 50 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ஓடிவந்த எஞ்சின் ஆறாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. சூடான வண்டியை உள்ளே எடுத்தவுடன் வேக்யூம் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முள் நிற்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். கூலண்ட் கேன்களின் சீலை உங்கள் முன்பே உடைக்கச் சொல்லி, காலிக் கேன்களை வாங்கி வாருங்கள். புனல் வைத்து ஊற்றி, காற்றுத் திருகைத் திறந்து பொறுமையாகக் காற்றை வெளியேற்றும் பழைய முறை தவறானதல்ல. பல நல்ல மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்குரிய கூலியை மட்டும் வாங்குகிறார்கள். வடித்த கூலண்டைத் திறந்த வாளியில் விட அனுமதிக்காதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்; சத்தியமங்கலத்தில் அதை உடனே மூடியுள்ள கேனில் ஊற்றிவைத்தார்கள்.

கோவைப் பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, முதலில் நான் மலையில் தவறாக ஓட்டியதுதான் காரணம் என்றார்கள். வேக்யூம் கருவியைக் காட்டச் சொன்னேன். பெட்டியோடு எடுத்துவந்தார்கள், அளவியின் கண்ணாடி உடைந்து, முள் வளைந்து கிடந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கூலண்ட் விலையைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்பதால், பில், ரிஃப்ராக்டோமீட்டர் படம், அந்த வாளித் தண்ணீரில் ஒரு பாட்டில் ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன்.